பேனா தொட்ட இடத்தில் எழுத்து விழ வேண்டும்



"என்னக்கா இது, நான் எழுதுறது ஒரு இடம், கோடு விழறது ஒரு இடம்?" பேனாவால் எழுதும் டேப்லெட் கணினி கூட்டமைப்புக்கு வந்த நாளிலிருந்து ஊக்குநர்கள் எங்களிடம் அதிகமாகக் கேட்ட கேள்வி இதுதான். அடுத்தபடியாகக் கேட்டது, "எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, கண்ணுக்கே புடிபடல" என்பது. "மிஷின் கோளாறு போல, கடையில கொடுத்துப் பார்ப்போம்" என்று சொல்லி பீரோவில் பூட்டி வைத்த டேப்லெட்டுகளும் உண்டு. பெரும்பாலும் அதில் கோளாறு எதுவும் இருப்பதில்லை. திரையின் அமைப்பு நம் கண்ணுக்கும் கைக்கும் ஏற்றபடி இல்லை, அவ்வளவுதான். தையல் மிஷினில் துணிக்கு ஏற்ற மாதிரி நூல் இறுக்கத்தையும் தையல் நீளத்தையும் திருகி வைத்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி வேலைதான் இதுவும்.

வசதிக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பேரேட்டில் கையெழுத்துப் போடும்போது தொகை நம் கண் முன்னால் மையில் இருக்கும். சந்தேகம் வந்தால் விரல் வைத்துக் காட்டிக் கேட்போம். கண்ணாடித் திரையில் கையெழுத்துப் போடும்போது அந்தத் தொகை வெயிலில் மங்கியோ, படிக்க முடியாத அளவுக்குச் சின்னதாகவோ இருந்தால், அந்த உறுப்பினர் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார் என்றுதான் அர்த்தம். 5,000-க்கும் 50,000-க்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுழி.

பக்கத்து ஊராட்சிக் குழு ஒன்றில் ஒரு அக்காவின் 200 ரூபாய் சேமிப்பு இரண்டு மாதம் தொடர்ந்து மேல் வரியில் இருந்தவர் பெயரில் ஏறியிருந்தது. பேனா ஒரு வரி தள்ளிப் பதிந்திருக்கிறது. பாஸ்புக்கை வைத்துச் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது. அதுவரை அந்த ஊக்குநர் மேல் எத்தனை பேச்சு! பணம் ஒரு பைசா குறையவில்லை. ஆனால் குழுவில் இரண்டு பேர் ஒருவரோடு ஒருவர் பேசாமல் போனார்கள்.

கணக்கு காகிதத்திலிருந்து திரைக்குப் போவது நேற்று வந்த பழக்கம் இல்லை. 2011-ல் சமூகப் பொருளாதார மற்றும் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடந்தபோதே காகிதப் படிவத்துக்குப் பதில் கைக் கணினியில்தான் பதிந்தார்கள். 2015-ல் நபார்டு வங்கி சுய உதவிக் குழுக்களின் கணக்கைக் கணினியில் ஏற்றும் 'இ-சக்தி' திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கட், மகாராஷ்டிராவின் துலே ஆகிய இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. பேனாவால் எழுதும் டேப்லெட் இதற்கெல்லாம் முந்தியது. மைக்ரோசாஃப்ட் 2002 நவம்பரிலேயே அதற்கென்று தனியாக ஒரு விண்டோஸ் வெளியிட்டது. ஆக, இந்தச் சிக்கல்களும் பழையவைதான், அதற்கு வழியும் பழையதுதான். நமக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததுதான் குறை.

முதலில் பேனாவைப் பற்றி

பேனாவில் எல்லாம் ஒரே ரகம் இல்லை. கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் ரப்பர் முனை குச்சி வேறு, டேப்லெட்டோடு வரும் பேனா வேறு. ரப்பர் குச்சி நம் விரலுக்குப் பதில் வேலை செய்யும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. டேப்லெட்டோடு வரும் பேனா, தான் எங்கே இருக்கிறோம், எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் திரைக்குச் சொல்லும். வேக்கம் என்ற ஜப்பான் நிறுவனத்தின் முறையில் செய்த பேனாவில் பேட்டரியே கிடையாது. திரைக்கு அடியில் இருக்கும் தகட்டிலிருந்து வரும் காந்த அலையிலிருந்தே அது சக்தி எடுத்துக்கொள்ளும். வேறு சில பேனாக்களில் பேட்டரி உண்டு. ரிமோட்டில் போடுவதைவிட ஒல்லியான பேட்டரி அது, எல்லாக் கடையிலும் கிடைக்காது. ஒரு ரகப் பேனா இன்னொரு ரகத் திரையில் எழுதாது. "அந்தக் குழு பேனாவை வாங்கி எழுதிப் பார்த்தேன், எழுதல, அதனால திரைதான் போச்சு" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

காந்த முறைப் பேனா என்றால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டேப்லெட் உறையில் மூடி ஒட்டிக்கொள்வதற்கு வைத்திருக்கும் காந்தம், பக்கத்தில் வைத்த ஸ்பீக்கர் இவையெல்லாம் பேனாவை இழுத்தடிக்கும். திரையின் ஓரங்களில் கோடு நெளிகிறது, நடுவில் சரியாக விழுகிறது என்றால், உறையைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு தரம் எழுதிப் பாருங்கள்.

டிரைவர் யார்?

நம் வங்கிக் கிளைக்கு வெளி மாநிலத்து மேலாளர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவர் பாஷை தெரியாது. நடுவில் ஒருவர் நின்று இரண்டு பக்கமும் எடுத்துச் சொன்னால்தான் கடன் மனு நகரும். கணினியில் இந்த நடு ஆளுக்கு டிரைவர் என்று பெயர். அது ஒரு சின்ன மென்பொருள். கணினி "இந்த இடத்தில் கறுப்புப் புள்ளி வை" என்று சொன்னால், அதைத் திரையை இயக்கும் சில்லுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது டிஸ்ப்ளே டிரைவர். பேனாவுக்கும் இதே மாதிரி தனியாக ஒரு டிரைவர் உண்டு. இரண்டு டிரைவரும் ஒரே மாதிரி கணக்குப் போட்டால்தான் பேனா தொட்ட இடத்தில் எழுத்து விழும். ஒருவர் திரை இவ்வளவு அகலம் என்றும், இன்னொருவர் அவ்வளவு அகலம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தால் வரி தள்ளித்தான் போகும்.

அதனால்தான் பேனா தப்பு செய்கிறது என்று தோன்றும்போதும் முதலில் திரை அமைப்பைப் பார்க்கச் சொல்கிறோம்.

திரையில் படம் எதுவும் இல்லாத காலி இடத்தில் பேனாவை ஒரு நொடி அழுத்திப் பிடித்து எடுங்கள். ஒரு பட்டியல் விழும். அதில் 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' என்பதைத் தொடுங்கள். இனி நாம் பேசப்போகும் முக்கால்வாசி விஷயம் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. திரையில் இவை இங்கிலீஷில் இருக்கும், நாங்கள் உச்சரிப்பை எழுதுகிறோம். விண்டோஸின் பட்டியல்களைத் தமிழிலேயே காட்டவும் வசதி உண்டு, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உதவிக்கு வருகிறவர் இங்கிலீஷ் பெயர் சொல்லித்தான் தேடுவார், இரண்டையும் யோசித்துச் செய்யுங்கள்.

புள்ளியைக் குறைக்காதீர்கள், எழுத்தைப் பெரிதாக்குங்கள்

திரை என்பது ஒரு பெரிய புள்ளிக் கோலம். 1920 × 1200 என்று டேப்லெட் பெட்டியில் போட்டிருந்தால், ஒரு வரிக்கு 1920 புள்ளி, அப்படி 1200 வரி. மொத்தம் 23 லட்சத்துக்கு மேல். இத்தனை புள்ளியும் பத்து அங்குலத் திரைக்குள் இருப்பதால் ஒவ்வொன்றும் ரொம்பப் பொடிசு. அதனால்தான் எழுத்தும் பொடிசாகத் தெரிகிறது.

"எழுத்து சின்னதா இருக்கு" என்றதும் நிறையப் பேர் செய்வது 'ரெசல்யூஷன்' என்ற எண்ணைக் குறைப்பது. 1920-ஐ 1024 ஆக்கினால் எழுத்து பெரிசாகும், உண்மைதான். ஆனால் திரையில் இருக்கும் புள்ளி கண்ணாடிக்குள் பதித்தது, அது குறையாது. 1024 புள்ளியில் வரைந்த கோலத்தை 1920 புள்ளி மேல் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். கோடு எல்லாம் மங்கும். தமிழ் எழுத்துக்கு இது ரொம்பவே பாதகம். 'கு'வுக்கும் 'கூ'வுக்கும், 'ன'வுக்கும் 'ண'வுக்கும் ஒரு சுழிதானே வித்தியாசம்? மங்கலில் அந்தச் சுழிதான் முதலில் போகும். ரெசல்யூஷனில் 'ரெகமெண்டெட்' என்று பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணையே வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தைப் பெரிதாக்க அதற்கு மேலேயே 'ஸ்கேல்' என்று ஒன்று இருக்கும். 100, 125, 150, 175 என்று சதவீதம் காட்டும். இதைக் கூட்டினால் புள்ளி எண்ணிக்கை மாறாமல் ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதல் புள்ளி ஒதுக்கப்படும். எழுத்து பெரிசாகவும் இருக்கும், தெளிவாகவும் இருக்கும். பத்து அங்குலத் திரைக்கு 150-க்குக் கீழே போக வேண்டாம் என்பது எங்கள் யோசனை. சாளேசரம் வந்த அக்காக்கள் இருக்கும் குழு என்றால் 175 வையுங்கள். திரையில் ஒரே நேரத்தில் தெரியும் வரிகள் குறையும், மேலும் கீழும் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். ஊக்குநருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். இருந்தாலும் திரை ஊக்குநரின் கண்ணுக்கு மட்டும் இல்லை, கையெழுத்துப் போடுகிறவர் கண்ணுக்கும் சேர்த்துத்தான். வரி அகலமானால் பேனா பக்கத்து வரியில் விழுவதும் குறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

விண்டோஸ் 11-ல் 'அக்சஸிபிலிட்டி' என்ற பகுதியில் 'டெக்ஸ்ட் சைஸ்' என்று தனியாகவும் இருக்கிறது. எழுத்தை மட்டும் 225 சதவீதம் வரை கூட்டலாம்.

எதையாவது மாற்றித் திரை இருட்டாகிப் போனால் பயப்பட வேண்டாம், எதையும் அமுக்கவும் வேண்டாம். ரெசல்யூஷனை மாற்றினால் "இதை வைத்துக்கொள்ளவா?" என்று கணினி கேட்கும். பதில் சொல்லாவிட்டால் 15 நொடியில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

படுக்கையா, நிமிர்த்தியா?

சேமிப்புப் பட்டியலுக்குக் கட்டங்கள் அகலமாக வேண்டும், டேப்லெட்டைப் படுக்கையாக வையுங்கள். ஒரே உறுப்பினரின் கடன் மனு என்றால் நிமிர்த்தி வைப்பது காகிதம் மாதிரி இருக்கும். 'டிஸ்ப்ளே ஓரியண்டேஷன்' என்ற இடத்தில் இதை மாற்றலாம். திருப்பினால் தானாகத் திரும்பும் வசதியும் உண்டு. ஆனால் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து டேப்லெட்டைக் கைமாற்றும் நமக்கு அது தொல்லை. ஒருவர் தொகை எழுதும் நேரம் திரை திடுமென்று சுழன்றால் எண் எங்கே போய் விழுமோ! 'ரொட்டேஷன் லாக்' என்பதை அமுக்கிப் பூட்டிவிடுங்கள். எதிரே இருப்பவருக்குக் காட்டும்போது டேப்லெட்டைக் கையால் திருப்பிக் கொடுத்தால் போயிற்று.

பழைய இன்டெல் டிரைவர் இருக்கும் கணினிகளில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியை அமுக்கினால் திரை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். விசைப்பலகை மாட்டியிருக்கும்போது குழந்தைகள் விளையாடித் திரை தலைகீழாகப் போவது இதனால்தான். அதே இரண்டு பொத்தானோடு மேல் அம்பை அமுக்கினால் நேராகிவிடும்.

நிமிர்த்தி வைத்தால் எழுத்தின் ஓரம் லேசாகச் சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து தெரியலாம். ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று பட்டைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. விண்டோஸின் 'கிளியர்டைப்' என்ற ஏற்பாடு அந்தப் பட்டைகள் படுக்கை வாட்டத்தில் வரிசையாக இருப்பதாக நினைத்து எழுத்தைக் கூர்மையாக்குகிறது. திரையைத் திருப்பினால் அந்தக் கணக்கு பொருந்தாது. கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம்.

பேனா தள்ளிப் பதிந்தால்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். முள் தராசில் எடை பார்க்கும்போது நேரே நின்று பார்த்தால் ஒரு எடை, பக்கவாட்டில் நின்று பார்த்தால் இன்னொரு எடை தெரியும். முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதுதான் காரணம். டேப்லெட்டிலும் பேனா முனை தொடுவது மேலே இருக்கும் கண்ணாடியை. எழுத்து தெரிவது அதற்குக் கீழே இருக்கும் திரையில். பழைய டேப்லெட்டுகளில் இந்த இடைவெளி கூடுதல், புதியவற்றில் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடுவதால் குறைவு. நாம் சாய்ந்து பார்த்தால் பேனா ஒரு இடமும் கோடு ஒரு இடமுமாகத்தான் தெரியும்.

இதற்கு ஒரு சுலபமான பழக்கம் உண்டு. பேனாவைக் கண்ணாடிக்குச் சற்று மேலே பிடித்தாலே திரையில் ஒரு சின்னப் புள்ளி தோன்றும். பேனா முனையைப் பார்க்காமல் அந்தப் புள்ளியைப் பார்த்து எழுதுங்கள். புள்ளி எந்த வரியில் இருக்கிறதோ அந்த வரியில்தான் பதியும். ஊசியில் நூல் கோக்கிற கைக்கு இது இரண்டு நாளில் பழகிவிடும்.

அப்படியும் எப்போதும் ஒரே பக்கம் தள்ளுகிறது என்றால் பேனாவைத் திரையோடு பொருத்த வேண்டும். இதற்கு 'காலிப்ரேட்' என்று பெயர். அதற்கு முன்னால் ரெசல்யூஷன் 'ரெகமெண்டெட்' எண்ணில்தான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். ரெசல்யூஷன் தப்பாக இருந்து, டிரைவர் படத்தைச் சுருக்கி நடுவில் வைத்து, சுற்றிலும் கறுப்புப் பட்டை விட்டிருந்தால், பேனா முழுத் திரையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும், படமோ நடுவில் மட்டும் இருக்கும். அப்போது நடுவில் சரியாகவும் ஓரம் போகப் போகத் தள்ளியும் விழும். இதைக் காலிப்ரேட் செய்து சரிக்கட்டப் பார்த்தால், நாளைக்கு ரெசல்யூஷன் சரியானதும் மறுபடி தப்பாகும்.

ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி 'காலிப்ரேட்' என்று தேடினால் 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' என்ற சின்னப் பெட்டி திறக்கும். 'காலிப்ரேட்' என்பதைத் தொட்டால் பேனாவுக்கா, விரலுக்கா என்று கேட்கும். பேனா என்று சொல்லுங்கள். திரையில் கூட்டல் குறி மாதிரி ஒன்று வரும். அதன் நடுவில் பேனாவால் தொட்டால் அடுத்த இடத்தில் ஒன்று வரும். வரிசையாகத் தொட்டுக்கொண்டே போக வேண்டும், கடைசியில் சேமிக்கவா என்று கேட்கும்.

இதை யார் செய்கிறார், எப்படி உட்கார்ந்து செய்கிறார் என்பது முக்கியம். மேஜையில் வைத்து நின்றபடி ஒருவர் செய்துவிட்டு, தரையில் மடியில் வைத்து இன்னொருவர் எழுதினால் பிரயோஜனம் இல்லை. யார் தினமும் எழுதுகிறாரோ அவர், வழக்கமாக உட்காரும் மாதிரி உட்கார்ந்து, வழக்கமாகப் பேனா பிடிக்கும் சாய்வில் பிடித்துத் தொட வேண்டும். கண்ணாடி போடுகிறவர் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். படுக்கை, நிமிர்த்தல் இரண்டு வாட்டத்திலும் எழுதுவதாக இருந்தால் இரண்டிலும் எழுதிச் சரிபாருங்கள். குளறுபடி ஆகிவிட்டால் அதே பெட்டியில் 'ரீசெட்' இருக்கிறது, தொழிற்சாலையில் வைத்த அமைப்புக்குத் திரும்பிவிடும்.

இடக்கைப் பழக்கம் உள்ளவர் எழுதினால் அதையும் கணினிக்குச் சொல்லலாம். 'பென் அண்டு விண்டோஸ் இங்க்' என்ற பகுதியில் எந்தக் கையால் எழுதுகிறீர்கள் என்ற கேள்வி இருக்கும். வலக்கை என்று இருந்தால் பட்டியல்கள் கைக்கு இடப்பக்கம் விரியும், கை மறைக்காமல் இருக்க. இடக்கைக்காரருக்கு அது கைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும், பாவம். அதே பகுதியில், பேனா எழுதும்போது விரல் தொடுவதைக் கண்டுகொள்ளாதே என்றும் ஒரு தேர்வு உண்டு. உள்ளங்கையையோ உலோக வளையலையோ திரையில் ஊன்றி எழுதுகிறவர்கள் அதைப் போட்டுக்கொள்வது நல்லது.

பொதுக்குழு நாளில் நடக்கும் கூத்து

வருடாந்திரப் பொதுக்குழுவில் கணக்கை எல்லாரும் பார்க்கட்டும் என்று டேப்லெட்டைப் புரொஜெக்டரில் மாட்டுகிறோம். அதுவரை ஒழுங்காக எழுதிய பேனா அந்த நேரம் பார்த்துத் தாறுமாறாகப் போகும். ஆயிரம் கண் பார்க்கும்போது மானம் போகிற மாதிரி இருக்கும். காரணம் இதுதான்: இரண்டிலும் ஒரே படம் காட்டும் 'டூப்ளிகேட்' முறையில், இரண்டுக்கும் ஒத்துவரும் ஒரு ரெசல்யூஷனுக்குக் கணினி மாறிக்கொள்ளும். பழைய புரொஜெக்டர் 1024 × 768 என்றால் டேப்லெட்டும் அதற்கு இறங்கிவிடும். கறுப்புப் பட்டை வரும், பேனா தள்ளும்.

'எக்ஸ்டெண்ட்' முறையில் வைத்தால் டேப்லெட் தன் அளவிலேயே இருக்கும், சுவரில் தெரிவது தனித் திரையாகிவிடும். அப்போது இன்னொரு சிக்கல் வரலாம். டேப்லெட்டில் எழுதினால் சுவரில் போய்ப் புள்ளி ஓடும்! பேனா எந்தத் திரைக்குச் சொந்தம் என்று கணினி குழம்பியிருக்கிறது. முன்னால் சொன்ன 'டேப்லெட் பிசி செட்டிங்ஸ்' பெட்டியில் 'செட்டப்' என்பதைத் தொட்டுப் பேனாவைத் தேர்ந்தெடுத்தால், எந்தத் திரை பேனாத் திரையோ அதைப் பேனாவால் தொடச் சொல்லும். தொட்டுவிட்டால் தீர்ந்தது.

விண்டோஸ் படம் போட்ட பொத்தானோடு, பாஸ்புக் என்று இங்கிலீஷில் எழுதும்போது முதலில் வரும் 'பி'யை அமுக்கினால் டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட் எல்லாம் வரிசையாகத் தெரியும். கூட்டத்துக்கு முந்தின நாளே மாட்டிப் பார்த்துவிடுங்கள். கூட்டம் முடிந்து கழற்றியதும் ரெசல்யூஷன் பழைய எண்ணுக்கு வந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். புரொஜெக்டர் மாட்டியிருக்கும் நேரத்தில் சேமிப்பு, கடன் பதிவு எதுவும் போடாமல் இருப்பதே நல்லது.

வெளிச்சம்

வேப்பமரத்தடியில் கூட்டம் போடுகிறோம். திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றினாலும் பேட்டரியில் ஓடும்போது திரை தானாக மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேட்டரியை மிச்சம் பிடிக்க இன்டெல் டிரைவர் செய்யும் வேலை அது. திரையில் இருக்கும் படத்தைப் பார்த்து, பின் விளக்கைக் குறைத்துக்கொள்ளும். 'இன்டெல் கிராபிக்ஸ் கமாண்ட் சென்டர்' இருக்கும் கணினியில் 'சிஸ்டம்', அதில் 'பவர்' என்று போனால் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்ஸ்' இருக்கும். அதை அணைத்துவிடலாம். விண்டோஸ் 11-ல் டிஸ்ப்ளே பக்கத்திலேயே, படத்துக்கு ஏற்ப வெளிச்சம் மாற்றுவதை நிறுத்தும் தேர்வும் சில கணினிகளில் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும், அதற்கு முந்தின ராத்திரியே சார்ஜ் போட்டுவிடுங்கள். நேர் வெயிலுக்கு எந்த அமைப்பும் ஈடு கொடுக்காது. ஊக்குநர் நிழலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் நிழல் கண்ணாடியில் விழும், எழுத்து தெரியும். வெயிலுக்கு முதுகு காட்டினால் பின்னால் இருக்கும் வெளிச்சமெல்லாம் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைக்குக் கொண்டுபோகும் முன்

ஒரு நாள் காலையில் டேப்லெட்டைத் திறந்தால் எழுத்து எல்லாம் பெரிசு பெரிசாக மங்கலாக, வெளிச்சம் கூட்ட முடியாமல், திரையைத் திருப்பவும் முடியாமல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "டிஸ்ப்ளே போயிடுச்சு, மாத்தணும்" என்று கடைக்காரர் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஸ்டார்ட் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் 'டிவைஸ் மேனேஜர்' இருக்கும். அதில் 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், சரியான டிரைவர் கழன்றுபோய், தற்காலிகமாக ஒரு பொது டிரைவர் வேலை பார்க்கிறது என்று அர்த்தம். நம் மொழிபெயர்ப்பாளர் லீவில் போய், நாலு வார்த்தை மட்டும் தெரிந்தவர் வந்து நிற்கிறார். டேப்லெட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் அதே மாடல் எண்ணுக்கு உரிய டிஸ்ப்ளே டிரைவரை எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். திரை மாற்றத் தேவையில்லை.

விண்டோஸ் தானாகப் புதுப்பித்துக்கொண்ட மறுநாளிலிருந்து கோளாறு என்றால், அதே இடத்தில் டிரைவரின் பெயரை இருமுறை தட்டி, 'டிரைவர்' என்ற தாளில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அமுக்குங்கள். முன்பு இருந்த டிரைவர் திரும்பி வரும். அந்தப் பொத்தான் மங்கலாக இருந்தால் பழையது சேமிப்பில் இல்லை என்று பொருள்.

திரை மட்டும் உறைந்துபோய், பாட்டு, சத்தம் எல்லாம் வந்துகொண்டிருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றோடு பேங்க் என்பதில் முதலில் வரும் 'பி'யைச் சேர்த்து அமுக்குங்கள். டிஸ்ப்ளே டிரைவர் மட்டும் தூங்கி எழுந்துகொள்ளும், எழுதிக்கொண்டிருந்த கணக்கு போகாது. விசைப்பலகை இல்லாத டேப்லெட்டில் சத்தம் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் ஒன்றாக மூன்று முறை வேகமாக அமுக்கலாம்.

"டிரைவர் அப்டேட் செய்து தருகிறோம்" என்று திரையில் குதித்து வரும் விளம்பரங்களைத் தொட வேண்டாம். அதில் வருவது டிரைவராக இருக்காது, குழுவின் கணக்கைத் தூக்கிக்கொண்டு போகும் திருட்டு மென்பொருளாகவும் இருக்கலாம்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருக்கும் குழுக்களுக்கு இந்த டிரைவர் வேலை எதுவும் இல்லை, அது உள்ளேயே பூட்டியிருக்கும். 'செட்டிங்ஸ்', 'டிஸ்ப்ளே' என்று போய் 'ஃபான்ட் சைஸ்', 'டிஸ்ப்ளே சைஸ்' இரண்டையும் கூட்டி, 'ஆட்டோ ரொட்டேட்'டை அணைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எல்லாம் சரியாக அமைந்த நாளில் ஒரு வேலை செய்யுங்கள். ரெசல்யூஷன் எத்தனை, ஸ்கேல் எத்தனை, டிஸ்ப்ளே டிரைவரின் பெயர் என்ன, அதன் பதிப்பு எண் என்ன என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி டேப்லெட்டின் முதுகில் ஒட்டிவிடுங்கள். டிரைவர் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டு, காசோலைப் புத்தகம் இருக்கும் பெட்டியில் வையுங்கள். ஊக்குநர் மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலில் பேனா, சார்ஜர் இவற்றோடு அந்தப் பென் டிரைவையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.